கொள்ளைநோயும் கல்பின் அமைதியும்

சகோதரர்காள்! 2020 மார்ச்சு 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தானா ராத்தாவில் வியாபாரம் படுத்ததைவிட ஜும்ஆ நின்றதே நமக்குப் பெருந்துக்கமாயிருந்தது. அவ்வாண்டு ரமலானில் தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். இது ஈமானின் குறைவோ என்று பலர் கலங்கினர்.

குறைவல்ல. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள். நபிபெருமானார் (ஸல்) அவர்கள் செய்ததும் அதுவே என்றார்கள். சேற்றுக்கே இச்சலுகையென்றால் (நம் மலையில் மழைக்கா பஞ்சம்!) தொற்றுநோய்க்குக் கேட்பானேன்?

ஷாமில் கொள்ளைநோயென்று கேள்விப்பட்டு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். விதிக்கு அஞ்சி ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, தாம் போவதும் அல்லாஹ்வின் விதிக்குள்ளேதான் என்று விடையிறுத்தார்கள். கொள்ளைநோய் கண்ட ஊரில், விதித்ததன்றி வேறு அணுகாதென்று நம்பிப் பொறுமையுடன் தங்கியிருப்பவருக்கு ஷஹீதின் கூலி உண்டென்பது ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ். மரிப்பவருக்கு மட்டுமல்ல, தங்கியிருப்பவருக்கே என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வியாபாரிகளாகிய நம் உறக்கத்தைக் கெடுத்தது நோய் மட்டுமா? பற்றுப் புத்தகமுந்தான். நெருக்கடியிலுள்ள கடனாளிக்குத் தவணை கொடுக்கும்படி சூரத்துல் பகறாவின் 280-ஆம் ஆயத்துக் கூறுகிறது. தோட்டத்து வாடிக்கைக்காரரின் பாக்கியை இரவெல்லாம் கூட்டிக்கொண்டிராமல், தவணை குறித்துவிட்டு இஷாத் தொழுது படுத்தோம். உறக்கம் வந்தது.