குற்றவியல் பட்டமும் கல்விக் கடனும்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் குழுக் கூட்டங்களில் சேமிப்புப் பேச்சைவிட காலேஜ் பேச்சுதான் அதிகம் நடக்கும். "பொண்ணு கிரிமினாலஜி படிக்கணும்னு நிக்கிறா. படிச்சா போலீஸ் வேலை நிச்சயம்னு காலேஜ்ல சொல்றாங்களாம். பேங்க்ல கடன் வாங்கலாமா?" இப்படிக் கேட்கும் அம்மாக்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

கிரிமினாலஜி என்பது குற்றவியல். குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸ், கோர்ட்டு, சிறை எப்படி வேலை செய்கின்றன, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன உதவி என்பதையெல்லாம் இதில் படிக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. நல்ல படிப்புதான், அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் படித்தால் வக்கீல் ஆக முடியாது. அதற்குச் சட்டப் படிப்பு தனியாகப் படிக்க வேண்டும். இது தெரியாமலேயே சேர்த்துவிடுகிற பெற்றோர் உண்டு.

இப்போது போலீஸ் வேலைக்கு வருவோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு பாஸ் போதும். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும். சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. (இரண்டும் 2017 ஊதியத் திருத்தத்தின்படி.) "ஏதாவது ஒரு பட்டம்" என்பதைக் கவனியுங்கள். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்த பெண்ணும், லட்சக்கணக்கில் கட்டிக் குற்றவியல் படித்த பெண்ணும் ஒரே எழுத்துத் தேர்வு எழுதி, ஒரே மைதானத்தில் ஓடி, ஒரே சம்பளம் வாங்குவார்கள். சம்பளம் வேலைக்குத்தான், பட்டத்தின் பெயருக்கு இல்லை.

உயரமும் பார்ப்பார்கள். பெண்களுக்கு 159 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 157. போலீஸ் வேலைக்காகவே கடன் வாங்குகிறோம் என்றால், பேங்குக்குப் போகும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி ஒரு கோடு போட்டு அளந்து பாருங்கள். செலவில்லாத வேலை இது!

சரி, கடன் கணக்கைப் போடுவோம். நம் குழுக் கடன் கணக்கைப் போலத்தான், பயப்பட ஒன்றுமில்லை. தனியார் கல்லூரியில் ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்ந்து வருடத்துக்கு 1,20,000 ரூபாய், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,60,000. நான்கு லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்க மாட்டார்கள். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணை இல்லையே தவிர, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு நான்கு வருட வட்டி 48,000, இரண்டாம் வருடப் பணத்துக்கு 36,000, மூன்றாம் வருடப் பணத்துக்கு 24,000. ஆக வட்டி மட்டும் 1,08,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 4,68,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,185 ரூபாய். கடைசியில் மொத்தம் ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் கட்டியிருப்போம். பதினைந்து வருடம் கேட்டால் மாதத் தவணை 5,030 ரூபாயாகக் குறையும், ஆனால் மொத்தம் ஒன்பது லட்சத்தைத் தாண்டும்.

சப் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டால் இந்தத் தவணை அடிப்படைச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குதான். தாங்கலாம். ஆனால் அந்தத் தேர்வு எழுதுபவர்கள் ஏராளம், இடங்கள் கொஞ்சம், எல்லா வருடமும் ஆள் எடுப்பதும் இல்லை. தேர்வு வரும்வரை நகரத்தில் ஒரு கம்பெனியில் 15,000 சம்பளம் என்று வையுங்கள். ஹாஸ்டல், சாப்பாடு 7,000, பஸ், போன் 1,500, தவணை 6,185. மிச்சம் 315 ரூபாய். இதில் வீட்டுக்கு என்ன அனுப்புவாள், தேர்வுக்கு எப்படிப் படிப்பாள்?

இன்னொரு விஷயத்தை நாம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்விக் கடனில் அம்மாவோ அப்பாவோ கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறோம். மகள் பாதியில் படிப்பை விட்டாலும், வேலை கிடைக்காவிட்டாலும் கடன் நிற்கும். தவணை தவறினால் கையெழுத்துப் போட்டவர் பெயரிலும் பதிவாகும், நாளைக்கு மாட்டுக் கடனுக்குப் போனால் அந்தப் பதிவைப் பார்ப்பார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது "கடனை யார் கட்டுவது?" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள். கட்டுவது அம்மாதான் என்று ஆகி, பேங்க் தவணைக்காகக் குழுவில் உள்கடன் கேட்டு வருவதும் நடக்கிறது.

அதற்காக, ஆசைப்பட்ட படிப்பு வேண்டாம் என்று மகளிடம் சொல்லச் சொல்கிறோமா? இல்லை. இளங்கலையை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் அரசுக் கல்லூரியில் முடித்துவிட்டு, குற்றவியலை முதுகலையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமே. எந்தெந்தப் பட்டம் படித்தவர்களைச் சேர்ப்பார்கள் என்று முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டு நிறுவனங்களில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் மையங்களில் வேலை செய்ய ஆசை என்றால், அந்த வேலைகளுக்கு ஏற்கெனவே வந்த அறிவிப்புகள் இரண்டு மூன்றை மகளையே எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள், நிரந்தரமா, ஒப்பந்தமா, தொகுப்பூதியம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். காலேஜ் விளம்பர நோட்டீஸைவிட அது நம்பகமானது.

சயின்ஸ் குரூப் படித்த பெண்ணுக்கு ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. ஆனால் தடயவியல் ஆய்வகம் என்பது வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் படித்தவர்களின் இடம். தடயவியல் வேறு, குற்றவியல் வேறு.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பேங்கில் இரண்டு கேள்வி கேளுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டப் பட்டியலில் இந்தக் கல்லூரி இருக்கிறதா? குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும் திட்டம் இந்தப் படிப்புக்கு உண்டா? அது தொழில், தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது என்பதால் கேட்காமல் நம்பிவிடாதீர்கள்.

வட்டிச் சலுகை கிடைக்காவிட்டாலும், படிக்கும்போதே வட்டியைக் கட்ட ஒரு வழி பாருங்கள். நம் கணக்கில் முதல் வருடம் மாதம் 1,000, இரண்டாம் வருடம் 2,000, பிறகு 3,000. அப்படிக் கட்டினால் கடன் 3,60,000 ரூபாயிலேயே நிற்கும், பத்து வருடத் தவணையும் 4,760 ரூபாய்க்குள் வந்துவிடும். சில பேங்குகள் இதற்காக ஒரு சதவீதம் வட்டி குறைப்பதும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பெண்ணாக இருந்தால், முதல் வருட வட்டிக்கு அந்தப் பணமே சரியாகப் போதும்.