எரிமலை மணற்கல்லும் காணாமல் போன எரிமலையும்

நம்பிக்கை: எரிமலைத் துணுக்குகள் நிறைந்த மணற்கல் ஒரு மலையில் கிடைத்தால், அந்த இடத்திலேயே ஒரு காலத்தில் எரிமலை வெடித்திருக்கிறது.

உண்மை: மணல் பயணம் செய்யும். சுவிட்சர்லாந்தின் மேற்குப் பகுதியில், வோ மாநிலத்து ஆல்ப்ஸ் பகுதியில் தவெயான் என்றொரு மேய்ச்சல் வெளி இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய கரும்பச்சை மணற்கல் பிரான்சின் சவ்வா பகுதியிலிருந்து கிழக்கே கிளாரஸ் வரை விட்டுவிட்டுத் தொடர்கிறது. ஆண்டசைட் என்னும் எரிமலைப் பாறையின் துணுக்குகள் அதில் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் அங்கே நாம் பார்ப்பது எரிமலைக் கூம்பின் மிச்சமல்ல. மூன்று கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன், வளர்ந்துவந்த ஆல்ப்ஸின் வடக்கே இருந்த ஆழ்கடலில் கலங்கல் நீரோட்டங்கள் கொட்டிய மணல் அடுக்குகள் அவை. அந்த அடுக்குகளும் பிறந்த இடத்தில் தங்கவில்லை. கண்டங்கள் நெருக்கியபோது மடிந்து, பெயர்ந்து, வடக்கே தள்ளப்பட்டன. வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதை வைத்து ஊற்றிடத்தை முடிவு செய்வது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

நம்பிக்கை: கல்லின் பச்சை நிறம் எரிமலை தந்தது.

உண்மை: இல்லை, புதையுண்ட பிறகு வந்தது. மேலே பாறைச்சுமை ஏற ஏற, உள்ளே வெப்பம் சுமார் 200 டிகிரி செல்சியஸை எட்ட, பழைய கனிமங்கள் சிதைந்து குளோரைட், பம்பெல்லைட் போன்ற பச்சைக் கனிமங்கள் உருவாயின. சில இடங்களில் காணும் வெளிர் புள்ளிகள் லாமண்டைட் என்ற கனிமம். இந்த மாற்றத்தில் ஃபெல்ட்ஸ்பாரின் மூல வேதியியலும் அழிந்துவிடுவதால், தாய்ப்பாறையைத் தேடுபவர்கள் அதைவிட உறுதியாகத் தாக்குப்பிடித்த பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட் படிகங்களை நாடுகிறார்கள்.

நம்பிக்கை: சிர்கான் மணிகளின் வயதைக் கணக்கிட்டால் போதும், மணல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

உண்மை: பாதி உண்மை என்பதால்தான் இது மற்றவற்றைவிட ஆபத்தானது. சிர்கான் என்ற கனிமம் எளிதில் தேயாது, கரையாது. அதற்குள் சிறைப்பட்ட யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறுவதால் படிகம் பிறந்த காலத்தை அளக்கலாம். கல்லில் உள்ள மிக இளைய மணி தரும் செய்தி திட்டமானது: அந்த மணல் அதைவிட முன்னால் படிந்திருக்க முடியாது. ஆனால் எண்ணிக்கையை நம்பினால் ஏமாந்துபோவோம். தவெயான் மணற்கல்லில் கிடைத்த சிர்கான்களில் மிகப் பெரும்பாலானவை ஆல்ப்ஸ் உருவாவதற்கு வெகு முன்பே பிறந்தவை. எரிமலைக் காலத்தைச் சேர்ந்தவை சிறுபான்மைதான். அப்படியானால் எரிமலையின் பங்கு சொற்பம் என்றா பொருள்? கிரானைட்டில் சிர்கான் தாராளம், ஆண்டசைட்டில் அரிது. ஆகவே எரிமலைத் துணுக்குகள் குவிந்த கல்லிலும் பழைய கிரானைட் மலைகளின் சிர்கானே மிகுந்து நிற்கும்.

அதனால் நுண்ணோக்கியை ஒதுக்கிவிட முடியாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, வலைக்கட்டப் புள்ளிகளில் விழும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இத்தாலியின் காஸியும் அமெரிக்காவின் டிக்கின்சனும் உருவாக்கிய இந்த முறை பொறுமையைக் கேட்கும்; ஆனால் எந்த வகைத் துகள் எவ்வளவு இருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்லும். வெடிப்பு நடந்த காலத்திலேயே வந்து சேர்ந்த புதுத்துகளா, பழைய எரிமலைப் பாறை அரிக்கப்பட்டு வந்ததா என்ற வேறுபாட்டையும் துகளின் வடிவமும் வயதும் சேர்ந்தே காட்டும்.

நம்பிக்கை: தாய் எரிமலை இருந்திருந்தால் இன்றும் கண்ணில் படும்.

உண்மை: உயரும் மலைத்தொடரில் முதலில் அரிக்கப்படுவது மேற்பரப்பில் உள்ள எரிமலைதான். மிஞ்சுவது அதன் வேர்: நிலத்தடியில் உறைந்த கற்குழம்பு. வட இத்தாலியின் அடமெல்லோ, சுவிஸ் இத்தாலி எல்லையிலுள்ள பெர்கெல் ஆகியவை அப்படிப்பட்ட வேர்கள். அடமெல்லோவில் கற்குழம்பு ஏறத்தாழ 4.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத் தொடங்கியது. பெர்கெல் சுமார் மூன்று கோடி ஆண்டுப் பழமையது. தவெயானின் இளைய சிர்கான்கள் இந்தக் காலத்தோடு ஒத்துப்போகின்றன. அடமெல்லோவோ தவெயானிலிருந்து இன்று 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வயதுப் பொருத்தம் இவற்றை வலுவான வேட்பாளர்களாக்குகிறது. அதற்கு மேல், பைராக்சீனின் வேதியியலும் அன்றைய ஆறுகள் ஓடிய திசையும் அதே பக்கம் சுட்ட வேண்டும். மணலின் தாய் எரிமலை எது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.