பாதத்தை முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

சிப்பிப்பாறைப் பெட்டைக்கும் லாப்ரடார் கடுவனுக்கும் பிறந்த முதல் ஈத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். உன் தாத்தாவும் நானும் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சையில் நாய் வளர்த்தவர்கள். குட்டிக்கு எப்போது பால் மறக்கடிப்பது, என்ன ஊசி போடுவது என்பதெல்லாம் உங்கள் வீட்டில் புதிதாகச் சொல்லவேண்டிய சங்கதி இல்லை. எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கே நேராக வருகிறேன்.

ஒன்பது குட்டிக்கும் நிறம் எழுதியிருக்கிறாய். தோள் உயரம் எழுதியிருக்கிறாய். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் சாக்குத் துண்டைக் கட்டி இழுத்து, எது முதலில் வந்தது, எது பின்தங்கியது என்று எழுதியிருக்கிறாய். பாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை! கட்டுரையோடு வந்த படங்களிலும் குட்டிகள் அருகம்புல்லில் நிற்கின்றன. கணுக்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நிறத்துக்கு இவ்வளவு இடம் எதற்கு, தம்பி? ராஜபாளையத்தில் வெள்ளை வெள்ளை என்று நிறத்தையே பிடித்துக்கொண்டு வளர்த்ததில், காது கேளாத குட்டிகள் பிறந்த கதை உனக்குத் தெரியாததா?

ஓடுகிற நாய் முழுப் பாய்ச்சலில் போகும்போது ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை நாலு காலும் தரையைவிட்டு எழும்பும். உடம்பைச் சுருக்கும்போது ஒரு தடவை, நீட்டும்போது ஒரு தடவை. இறங்கும்போது அத்தனை பாரமும் ஒற்றைப் பாதத்தில் விழுகிற கணம் உண்டு. நம் கரிசலோ கோடையில் வாய் பிளந்து கிடக்கும். விரல் விரிந்த பாதம் அந்த வெடிப்பில் மாட்டினால் மூட்டு நழுவும், நகம் பிய்யும். போதாததற்குச் சீமைக்கருவேல முள். சிப்பிப்பாறையின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்: விரல்கள் நெருங்கி, கணு மேலே வளைந்து, அடித்தோல் தடித்திருக்கும். லாப்ரடாரோ நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்த தண்ணீர் நாய்களின் வழி வந்தது. அகன்ற பாதம், கனத்த எலும்பு, மேல்மயிருக்கு அடியில் பஞ்சுபோல இன்னொரு மயிர். குளிர்ந்த கடலில் மிதக்கும் வலையை இழுக்க அது வேண்டும். கோவில்பட்டி சித்திரை வெயிலில் அது நாயைக் கொல்லும். குட்டியின் தோளில் மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவு. அடியில் சாம்பல் பஞ்சு தெரிந்தால் அந்தக் குட்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பகல் வேலைக்கு ஆகாது.

நான் கலப்புக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. சுத்தம் சுத்தம் என்று மீசை முறுக்குகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. எங்கள் பெரியப்பா வீட்டில் கன்னி நாய்க்கும் பாயிண்டருக்கும் பிறந்த பெட்டை ஒன்று இருந்தது. மில் மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பாயிண்டர்தான் தகப்பன். அந்தப் பெட்டையிடம் எல்லாமே பாதி. கௌதாரி வாசம் பட்டால் முன்னங்காலை மடக்கிக்கொண்டு சிலையாக நின்றுவிடும். பறவை எழும்பிய பிறகும் நிற்கும். பெரியப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அதை அவர் ஒதுக்கவில்லை. நல்ல கருங்கன்னிக் கடுவன் ஒன்றுக்குச் சேர்த்தார். அதில் பிறந்தவள்தான் செம்பி.

செம்பியை மாதிரி ஒரு நாயை நான் அப்புறம் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறவரை கன்னியாக ஓடும். கண்ணுக்குத் தப்பினால் நின்று குரைக்காது; மூக்கைத் தாழ்த்தி, காற்றுக்கு எதிரே ஒரு அரை வட்டம் போட்டு, தடத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும். ஒரு மழை அந்தியில் கிடையில் ஈன்ற ஆடு ஒன்று குட்டியை ஓடைப் புதரில் விட்டுவிட்டு மந்தையோடு வந்துவிட்டது. நாங்கள் அரிக்கேன் விளக்கோடு தேடி அலைகிறோம். செம்பி அந்தக் குட்டியை முதுகுத் தோலில் கவ்வி எடுத்து வந்து பெரியம்மா காலடியில் போட்டது. பனிக்குடச் சவ்வு காது மடலில் ஒட்டியிருந்தது. நான் விளக்கைக் கிட்டே பிடித்துத் தோலை விலக்கி விலக்கிப் பார்த்தேன், ஒரு பல் தடம் இல்லை. அந்த மென்வாய் பாயிண்டர் பாட்டன் கொடுத்தது. ஓட்டமும் பாதமும் கன்னி கொடுத்தது. ஒரு பங்கு மோப்பத்துக்கு மூன்று பங்கு ஓட்ட ரத்தம் வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கைத்தான் உன் கட்டுரையின் கடைசிப் பத்தி கெடுக்கிறது. அடுத்த வருஷம் இதே ஈத்தில் நல்ல கடுவனையும் நல்ல பெட்டையையும் சேர்த்து ‘இனத்தை நிலைநிறுத்தப் போகிறேன்’ என்கிறாய். வேண்டாம், தம்பி. முதல் கலப்பில் குட்டிகள் ஓரளவு ஒத்துப் பிறக்கும். அதைப் பார்த்து ஏமாறாதே. அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் அடுத்த ஈத்தில் ஒன்று பாட்டிபோல மெலிந்து நிற்கும், ஒன்று லாப்ரடாராகவே திரும்பும், மீதி இரண்டுங்கெட்டானாக வரும். அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால் தள்ளாடிச் சரிகிற நோய் ஒன்று லாப்ரடாரில் உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும். உன் கடுவன் அதை ஒளித்து வைத்திருந்தால் குட்டிகளில் பாதிக்கு அது போயிருக்கும்; நோய் ஒன்றிலும் தெரியாது. அப்படி ஒளித்துவைத்த இரண்டு உடன்பிறப்புகளைச் சேர்த்தால் நாலில் ஒன்று ஓட்டத்தில் விழும். ஓடுவதற்காகவே வளர்த்த நாய்!

இன்னொன்று. மூன்றாவது குட்டி எந்நேரமும் தட்டை நக்குகிறது, ‘நல்ல உற்சாகம்’ என்று எழுதியிருக்கிறாய். லாப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணுக் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும். அந்தக் குட்டியை வளர்ப்புக்கு வைக்காதே.

இங்கிலாந்தில் லர்ச்சர் என்ற கலப்பு ஓட்டநாயை வளர்த்தவர்கள் கிரேஹவுண்டோடு பெரும்பாலும் கோலியையும் பெட்லிங்டன் டெரியரையும் கலந்தார்கள். லாப்ரடார்போலச் சுட்ட பறவையை எடுத்துவரும் சாதி நாய்களைத் தொட்டவர்கள் குறைவு. எதைக் கலந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் முதல் கலப்பை மறுபடி கிரேஹவுண்டுக்கே கொண்டுபோனார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆர்ஃபோர்டு பிரபு தன் கிரேஹவுண்டுகளுக்கு நெஞ்சுரம் போதாதென்று புல்டாக்கைக் கலந்தார். ஆறேழு தலைமுறை கிரேஹவுண்டுக்கே திரும்பத் திரும்பச் சேர்த்த பின், புல்டாக்கின் உருவம் சுவடில்லாமல் போய் அதன் விடாப்பிடி மட்டும் தங்கியது என்று, வளர்ப்பு உயிர்களைப் பற்றி 1868-இல் வெளியிட்ட நூலில் டார்வின் எடுத்துச் சொல்கிறார். ஆறேழு தலைமுறை! நீ இரண்டாவது ஈத்திலேயே இனம் கேட்கிறாய்.

தலைப்பில் ‘வேட்டை’ என்று போட்டதையும் எடுத்துவிடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலை விரட்டுவது குற்றம். அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். தொலைந்த ஆட்டைத் தேட, இரவில் தோட்டம் காக்க, கிடையைச் சுற்றிவர ஆள் கிடைக்காத காலம் இது. நாய்க்கு வேலைக்கா பஞ்சம்?

இத்தனை திட்டியும் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஏழாவது குட்டி. சாக்குத் துண்டு பனைகளுக்குப் பின்னால் மறைந்ததும் மற்றதெல்லாம் நின்று உன் முகத்தைப் பார்க்க, அந்தச் சாம்பல் பெட்டை மட்டும் தலையைத் தாழ்த்தி, காற்று வந்த பக்கம் திரும்பி, வண்டி போன தடத்தைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியை நாலைந்து தடவை படித்தேன். நாயைப் பற்றித் தமிழில் அப்படி எழுத இன்றைக்கு ஆள் இல்லை. ‘ஒரு நொடி காது பின்னுக்குப் போய் மீண்டும் முன்னுக்கு வந்தது’ என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்கத் தெரிந்தவனால்தான் அதை எழுத முடியும். உன் தாத்தாவின் கண் உனக்கு வாய்த்திருக்கிறது.

அந்தப் பெட்டையை எத்தனை ஆயிரத்துக்குக் கேட்டாலும் விற்காதே. இரண்டு வயது முடியட்டும், அதற்குள் ஓட்டத்தில் விழுகிற அந்த நோய்க்கான மரபணுச் சோதனையைச் செய்துவிடு. எட்டயபுரம் பக்கம் எனக்குத் தெரிந்தவரிடம் சிப்பிப்பாறைக் கடுவன் ஒன்று இருக்கிறது. உன் பெட்டையின் தாய்வழிக்கு உறவில்லாதது, ஐந்து வருஷமாகக் கிடையோடு திரிந்தும் பாதம் சிதறாதது. அவர் காசு வாங்கமாட்டார், ஈத்தில் முதல் பொறுக்கு அவருக்கு வேண்டும் என்பார். மறுக்காமல் கொடுத்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா முறையில் ஒருவன்