அழாத குழந்தை

மருத்துவமனைக் கட்டிலில் சாதுவாகப் படுத்திருக்கும் குழந்தையைப் பார்த்து, "அழாத பிள்ளை, நல்ல பிள்ளை" என்று பாராட்டுகிறோம். அழுகை ஓய்ந்தால் துன்பமும் ஓய்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா? இவ்வினாவை எழுப்பி மருத்துவ உலகைச் சிந்திக்க வைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கிலாந்து மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் தம் குழந்தையை வாரத்தில் ஓரிரு மணி நேரமே காண முடிந்தது. தொற்று பரவும் என்ற அச்சம் ஒரு காரணம். பெற்றோர் வந்து சென்றபின் குழந்தைகள் ஓயாது அழுதது மற்றொரு காரணம். பெற்றோர் வராத நாள்களில் அவர்கள் அமைதியாக இருந்ததால், 'பழகிவிட்டார்கள்' என்று எண்ணினர்.

ராபர்ட்சன் மருத்துவர் அல்லர். தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அன்னா பிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பணியாளராக இருந்தார். காண்பதைக் குறித்துவைக்கும் பழக்கத்தை அங்கே கற்றார். 1948-இல் ஜான் பௌல்பியிடம் பணியில் சேர்ந்து, மருத்துவமனைக் குழந்தைகளை ஆராய்ந்தார். தாயைப் பிரிந்த இளங்குழந்தையிடம் மூன்று நிலைகளைக் கண்டார். முதலில் கதறல், பின்னர் நம்பிக்கையிழந்த சோர்வு, இறுதியில் தாயே வந்தாலும் ஒட்டாத விலகல். செவிலியர் 'பழக்கம்' என்று கருதியது உண்மையில் இரண்டாம், மூன்றாம் நிலைகளே!

சொல்லி நம்பாதவர்க்குப் படம் எடுத்துக் காட்டினார். இரண்டரை வயதை எட்டாத ஒரு சிறுமி சிறு அறுவைக்காக எட்டு நாள் தங்கியதை, நாள்தோறும் குறித்த நேரங்களில் படம்பிடித்தார். தமக்கு ஏற்ற காட்சிகளைப் பொறுக்கியெடுத்ததாக எவரும் குறை கூறாதிருக்கவே இம்முறை. அச்சிறுமி அதிகம் அழவில்லை. அடக்கமாக, மீண்டும் மீண்டும் அம்மாவைக் கேட்டாள். வீடு திரும்பும்போதோ தாயின் கையைப் பற்ற மறுத்தாள்! 1952-இல் படத்தைக் கண்ட மருத்துவர் பலர் சினந்தனர். ஆயினும் 1959-இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், இளங்குழந்தையுடன் தாய் தங்கவும், குழந்தைகளுக்கு விளையாட்டும் கல்வியும் கிடைக்கவும் பரிந்துரைத்தது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் தாய் உடன் தங்குவது வழக்கமாக இருந்துவருகிறது. இது பெரும் பேறு. ஆனால் அருகில் இருப்பவளுக்கு நடப்பது விளங்க வேண்டாமா? என்ன சிகிச்சை, எதற்காக, எவ்வளவு நேரம் என்பதை எளிய தமிழில் கூறினால் அவள் அச்சம் குறையும். தாயின் முகம் தெளிந்தால் குழந்தையின் முகமும் தெளியும்.

குழந்தையிடமும் உண்மையே பேச வேண்டும். "ஊசி வலிக்கவே வலிக்காது" என்று கூறினால், வலித்த பிறகு நம் சொல்லை அது நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா இங்கேயே இருப்பேன்" என்பதே நலம். ஊசி போடும்போது படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதைவிட, இயன்றவரை தாயின் மடியில் அணைத்து வைத்துக்கொள்ளலாம். பொம்மைக்கு முதலில் கட்டுப் போட்டுக் காட்டலாம். வீட்டிலிருந்து பழகிய துணியையோ விளையாட்டுப் பொருளையோ கொண்டுவரலாம். "அழுதால் டாக்டர் ஊசி போடுவார்" என்று வீட்டில் மிரட்டுவதை இன்றே விட்டுவிடலாம்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. நாளை மருத்துவத் துறையில் பணியாற்றப்போகும் நண்பர்களும், பெற்றோராகப்போகும் நாமும் ஒன்றை நினைவில் கொள்வோம்: அழும் குழந்தை நம்மிடம் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறது. அழாத குழந்தையின் அருகில் சற்று அதிக நேரம் அமர்வோமாக!