சுகமடைந்த பிள்ளையின் தொழிற்பயிற்சிக்கு ஜகாத் சேருமா?

சிறுவயதில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று, அல்லாஹ்வின் கிருபையால் சுகமடைந்த ஒரு வாலிபன் ஒரு கைத்தொழிலைப் பயில விரும்புகிறான். குடும்பத்திடம் பணமில்லை. அவனுக்கு ஜகாத்திலிருந்து உதவலாமா? இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட மஸ்அலா இதுவே.

ஜமாஅத்துக் கூட்டங்களில் இதற்குச் சட்டென்று கிடைக்கும் பதில் நாமறிந்ததுதான். "அவனுக்குத்தான் சுகமாகிவிட்டதே! கை கால் திடமாக இருக்கிறதே! உழைத்துச் சாப்பிடட்டும். படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்பார்கள். இதில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபிக்ஹுடைய கித்தாபுகள் இவ்விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக முடித்துவிடவில்லை.

முதலில் அப்பிள்ளையின் நிலைமையை விளங்கிக்கொள்வோம். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 லட்சம் பிள்ளைகளும் இளம்பிராயத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வசதியுள்ள நாடுகளில் இவர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்துக்கொள்கின்றனர். ஏழை நாடுகளிலும் 2030க்குள் 60 சதவிகிதத்தினராவது பிழைக்க வேண்டுமென்று அந்நிறுவனம் 2018இல் ஒரு திட்டம் வகுத்தது. ஆகவே சுகமடைந்து வாழும் வாலிபர்களின் தொகை இனிக் கூடிக்கொண்டே போகும்.

பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். அத்தனை காலமும் பள்ளிப் படிப்பு தடைப்படும். மருந்துச் செலவை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும் பட்டணத்தில் தங்கும் செலவும், வாப்பா இழந்த கூலியும், உம்மா விற்ற நகையும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பிள்ளை பதினெட்டு வயதை எட்டும்போது வீட்டில் கடன் நிற்கிறது. அவன் கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாதிருக்கலாம்.

அன்றியும், சுகமாகிவிட்டது என்றால் உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்று எப்போதும் பொருளல்ல. டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் சிலருடைய இருதயத்தைப் பலவீனப்படுத்திவிடும். சிஸ்பிளாட்டின் சிலருடைய செவிப்புலனைக் குறைத்துவிடும். வின்கிரிஸ்டின் சிலருடைய விரல்களில் மரத்துப்போன உணர்வை விட்டுச் செல்லும். எலும்பில் புற்று வந்தவர் காலை இழந்திருக்கலாம். கண்ணில் வந்தவர் ஒரு கண்ணை இழந்திருக்கலாம். வெளிப்பார்வைக்கு இவற்றுள் பல தெரிவதேயில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஹஜ்ஜத்துல் விதாவின்போது இருவர் வந்து ஜகாத் கேட்டனர். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். திடகாத்திரமானவர்களாகக் கண்டார்கள். நீங்கள் விரும்பினால் தருகிறேன், ஆயினும் செல்வந்தனுக்கும் சம்பாதிக்கக்கூடிய பலசாலிக்கும் இதில் பங்கில்லை என்ற கருத்தில் பதிலுரைத்தார்கள். அபூதாவூதிலும் நஸாயீயிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. உதவியை மறுப்பவர்கள் கையிலெடுப்பதும் இதே ஹதீஸைத்தான். கவனியுங்கள்: பலசாலி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, சம்பாதிக்கக்கூடிய என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. பலமிருந்தும் தொழில் தெரியாதவன், தன் உடல்நிலைக்கு ஏற்ற வேலை கிடைக்காதவன், இந்த விலக்கில் அடங்கமாட்டான். பார்வைக்குப் பலசாலியாகத் தோன்றி, உள்ளே இருதயம் தளர்ந்தவனோ அந்த முதல் சொல்லிலும் அடங்கமாட்டான்.

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 676) தமது 'அல்மஜ்மூஃ' நூலில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். அதன் விலை குறைவாயினும் சரி, அதிகமாயினும் சரி. தொழிலுக்குத் தொழில், ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம், ஆளுக்கு ஆள் அத்தொகை மாறும். கீரை விற்பவருக்கு ஐந்தோ பத்தோ திர்ஹம் போதும். இரத்தின வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹம்கூடக் கொடுக்கலாம். நம்மவர்களோ நோன்பு மாதத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை உறையிலிட்டு வீடுவீடாக விநியோகித்துவிட்டு, ஜகாத் நிறைவேறிவிட்டதென்று திருப்தியடைகின்றனர். நிறைவேறியது உண்மைதான். வாங்கியவர் அடுத்த ஆண்டும் அதே வாசலில் நிற்கிறார் என்பதும் உண்மைதான்.

தொழிலே தெரியாத ஏழைக்கு என்ன சட்டம்? அவனது ஆயுட்காலத் தேவைக்குப் போதுமானதைக் கொடுக்கலாம் என்பது ஷாபிஈ உலமாக்களின் பலமான சொல். ஆயுள் முழுமைக்கும் கொடுக்க இடமிருக்கும்போது, இரண்டாண்டுப் பயிற்சிக்கும் அதன்பின் கருவிகளுக்கும் கொடுப்பது அதைவிடச் சுலபமான வழியென்பது நமது விளக்கம். ஹனபி மத்ஹபில் விஷயம் இன்னும் எளிது. நிஸாபை விடக் குறைந்த பொருளுடையவர், உடல் நலமுள்ளவராகவும் சம்பாதிப்பவராகவும் இருந்தாலும், அவருக்கு ஜகாத் கொடுப்பது கூடுமென்று 'ஹிதாயா' கூறுகிறது. எனினும் வாப்பா வசதியானவராயிருந்தால், பருவமடையாத பிள்ளைக்கு ஜகாத் சேராது. பருவமடைந்த மகன் தானே ஏழையாயிருந்தால் அவனுக்குச் சேரும்.

கொடுக்கும் முறையில் ஜமாஅத்துகள் தவறிவிடுகின்றன. ஜகாத் பொருள் ஏழையின் உடைமையாக ஆகவேண்டும். எனவே பணத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும். அல்லது அவனுடைய சம்மதத்தைப் பெற்று அவன் சார்பில் கட்டணம் செலுத்த வேண்டும். பயிற்சிக்கூடம் கட்டுவதற்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் இப்பணம் ஆகாது; அதற்கு லில்லாஹ் நிதி இருக்கிறது. சில பைத்துல்மால்களில் ஜகாத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். கடனாகக் கொடுத்தது ஜகாத்தாகாது. இதே நிலையிலுள்ள பிறசமயத்துப் பிள்ளைக்கு ஜகாத்திலிருந்து கொடுக்க இயலாவிட்டாலும், ஸதக்காவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் ஹக்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

எந்தத் தொழில் என்பதை ஜமாஅத்துத் தலைவர் தீர்மானிக்கலாகாது. சிகிச்சையளித்த மருத்துவரிடம், எந்தெந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, இருதயமும் செவியும் எப்படியுள்ளன என்று எழுதி வாங்கிய பின்னரே தொழிலைத் தேர்வு செய்ய வேண்டும். இருதயம் தளர்ந்தவனைச் சுமை தூக்கும் வேலைக்கு அனுப்பலாகாது. செவி குறைந்தவனை இரைச்சல் மிகுந்த பட்டறையில் விடலாகாது. பென்சீன் கலந்த கரைப்பான்கள் புழங்குமிடம் எவருக்குமே ஆகாது. அந்தப் பொருளே இரத்தப் புற்றை உண்டாக்கக்கூடியது. பெண்பிள்ளை என்றால் தையல் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. விரல் மரத்துப்போன பிள்ளைக்கு ஊசி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யார் கேட்டார்கள்? அவள் கட்டட வரைபடமோ கம்ப்யூட்டரோ பயிலட்டும். போட்டோவும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, தொற்றாத நோயைத் தொற்றுநோய் போல் பேசும் காலமிது.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், இரண்டாண்டுப் படிப்பு. பள்ளியை இழந்த பிள்ளைக்கு முதலில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை எழுதவைக்கும் செலவும் உதவியில் சேரவேண்டும். கால் இழந்தவர், பார்வை குன்றியவர் போன்றோருக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சலுகைகளைத் தருகிறது. சான்றிதழ் வாங்கிவைக்க வேண்டும். ஆனால் புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்பது மட்டும் அச்சட்டப் பட்டியலில் இல்லை. உள்ளுக்குள் தளர்ந்து வெளியே திடமாகத் தெரியும் பிள்ளை அங்கும் விடுபட்டுப் போகிறான். அவனைத்தான் மஹல்லாவின் பைத்துல்மால் முதலில் தேடிப்போக வேண்டும்.

பயிற்சி முடிந்து கருவிகளும் வாங்கிக் கொடுத்தபின், அக்கருவிகளின் விலையைக் கணக்கிட்டு, அவன் இப்போது செல்வந்தனாகிவிட்டான் என்று சிலர் கூறலாம். அது சரியன்று. தொழிற்கருவிகள் அவசியத் தேவைகளைச் சேர்ந்தவை. நிஸாபுக் கணக்கில் வரமாட்டா. ஐம்பதாயிரம் ரூபாய் வெல்டிங் மெஷின் வைத்திருப்பவனிடம், கடனும் செலவும் போக 612 கிராம் வெள்ளியின் பெறுமானம் மிஞ்சாதவரை, ஹனபி மத்ஹபின்படி அவன் ஜகாத் வாங்கத் தகுதியுடையவனே.