பூட்டு மக்கர் செய்கிறதா? முதலில் கதவைப் பாருங்கள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பகுதியில் பழைய மரக்கதவு வைத்த வீட்டில் இருப்பவர்களுக்கு இடவப்பாதி மழை வந்ததும் ஒரு தொல்லை தொடங்கும். ஜூன் மாத ஈரக்காற்றில் மரம் ஊறி, வாசல் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். பூட்டில் சாவி பாதிச் சுற்றில் நின்றுவிடும். ஐப்பசித் துலாவர்ஷ மழையில் மறுபடியும் அதே கதை. போதாததற்குக் கடலும் பக்கம். சங்குமுகத்திலிருந்து வரும் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை.

எங்கள் வாசல் கதவு இப்படிச் சண்டித்தனம் செய்தபோது, பூட்டையே மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவானது. புதுப் பூட்டு வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். இரும்புச் சாமான் கடை அண்ணாச்சி பூட்டை எடுத்து வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார். “கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு தாக்கோலத் திருப்பிப் பாத்தீங்களாம்மா? அப்பமும் திரும்பலைன்னா வாங்க, தாரேன்.”

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். திறந்த கதவில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. பூட்டில் ஒரு குறையும் இல்லை. கதவுதான் இடம் மாறியிருந்தது. பூட்டு திணறினால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். காசு செலவில்லை, கருவி வேண்டாம்.

நாக்கு எங்கே இடிக்கிறது?

திறந்த நிலையில் சரியாக வேலை செய்யும் பூட்டு, மூடினால் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், அதன் நாக்கு நிலையில் உள்ள தகட்டுத் துளைக்குள் நேராக நுழையவில்லை என்று பொருள். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க, நாக்கின் முனையில் நனைத்த குங்குமத்தைத் தடவிக் கதவை மூடிச் சாவியைத் திருப்பினேன். திறந்து பார்த்தால், துளைக்குக் கீழே தகட்டில் சிவப்பாக ஒரு கோடு. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கதவு இறங்கியிருந்தது.

கதவு இறங்கக் காரணம் பெரும்பாலும் மேல் கீல்தான். பலா, தேக்குக் கதவுகளின் எடை பெரும்பாலும் அந்தக் கீலின் திருகாணிகளைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாகத் தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். திரும்பினால் கீலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் மேல் கீலின் ஒரு திருகாணி, முறுக்க முறுக்கப் பிடிப்பில்லாமல் சுற்றியது. துளை தேய்ந்து அகன்றுவிட்டது.

அதற்கு வைத்தியம் எளிது. திருகாணியைக் கழற்றி, மெல்லிய மூங்கில் சிம்புகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் இறுக அடைக்க வேண்டும். ஒரு ராத்திரி காயவிட்டு, துருத்தும் முனையை வெட்டிவிட்டுத் திருகாணியைத் திரும்ப ஏற்றினால் இறுகப் பிடிக்கும். அதே தடிமனில் இன்னும் நீளமான திருகாணி போட்டால் இன்னும் நல்லது. கீலைச் சரி செய்த பிறகும் நாக்கு இலேசாக உரசினால், தகட்டுத் துளையின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் ராவிக்கொள்ளலாம்.

மழையில் இழைக்காதீர்கள்

கதவு இறங்காமல், ஊறி மட்டும் இருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடத் தோன்றும். மழைக்காலத்தில் அதைச் செய்யக் கூடாது. மார்ச் வெயிலில் மரம் சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளி விழும். மழை நின்று மரம் நன்றாகக் காயட்டும். பிறகு தேவையான அளவு மட்டும் இழைத்து, கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் வார்னிஷ் பூசுங்கள். கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகளையும் பூசாமல் விட்டுவிடுவது வழக்கம். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது அங்கேதான்.

பூட்டிலேயே கோளாறு என்றால்

திறந்த கதவிலும் சாவி திரும்பவில்லையா? அப்போதுதான் பூட்டைக் கவனிக்க வேண்டும். இன்று பெரும்பாலான வாசல் கதவுகளில் இருப்பது, அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1861-இல் காப்புரிமை பெற்ற வகையின் வழிவந்த சிலிண்டர் பூட்டு. உள்ளே ஸ்பிரிங் மேல் நிற்கும் சின்னச் சின்ன ஊசிகளைச் சாவியின் பற்கள் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது சுற்றும்.

நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் முதலில் கைக்கு வரும். சிலிண்டரில் அதை விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்து, ஊசிகளை ஒட்ட வைத்துவிடும். கிராஃபைட் தூள் போதும். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, சில முறை செருகி எடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் போல நெம்புகோல் வைத்த பழைய வகைகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம்.

சிலிண்டரே தேய்ந்துவிட்டாலும், கதவுக்குள் பொருத்திய முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. கதவின் பக்கவாட்டில், நாக்குக்குக் கீழே ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பியபடி இழுத்தால் சிலிண்டர் மட்டும் வெளியே வரும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அதே நீளத்தில் வாங்குங்கள். வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் சிலிண்டரைத் திருடன் சுலபமாக உடைத்துவிடுவான். மாற்றுச் சாவி போடும்போது தேய்ந்த சாவியைக் கொடுக்காதீர்கள். அந்தத் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும்.

சாவி இறுகினால் குறடு போட்டு முறுக்க வேண்டாம். 2011-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தபோது, ‘பி’ அறையில் இறுகி நின்ற இரும்புக் கதவை யாரும் உடைத்துத் திறக்கவில்லை. வீட்டுப் பூட்டுக்கும் அந்த நிதானம் வேண்டும். சாவி உள்ளே முறிந்தால் அரை மணி வேலை அரை நாள் ஆகிவிடும்.

முதியவர்கள் இருக்கும் வீட்டில்

கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதானவர்கள் தனியாக வாழும் வீடுகள் நிறைய. அங்கே திணறும் பூட்டை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடவே கூடாது. ராத்திரி ஒருவர் தவறி விழுந்தாலோ, அடுக்களையில் தீப்பற்றினாலோ அந்தக் கதவு ஒரே திருப்பில் திறந்தாக வேண்டும். சிலிண்டர் மாற்றும்போது, உள்பக்கம் சாவிக்குப் பதில் கையால் திருப்பும் குமிழ் உள்ளதை வாங்குங்கள். மேல் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்தால் இறக்கிப் பொருத்துங்கள். உள்ளிருந்து தாழ் போட்ட கதவுக்கு வெளியே இருக்கும் சாவியால் பயன் இல்லை. தனியாகத் தூங்குபவர்கள் பூட்டை மட்டும் போட்டுக்கொண்டு, நம்பிக்கையான அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி கொடுத்து வைக்கட்டும்.

மே மாதக் கடைசியில், மழைக்கு முன்பாக, வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளையும் ஒரு முறை பூட்டித் திறந்து பாருங்கள். கீல் திருகாணிகளை முறுக்கிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.