ரூபாயும் பவுனும்: நாணய மாற்று விகிதமும் குடியானவர் வருமானமும்

விளைபொருளின் விலை மழையையும், மகசூலையும், மண்டி வியாபாரியின் மனத்தையும் மட்டுமே பொறுத்தது என்று குடியானவர்களில் பலர் எண்ணுகின்றனர். கடல் கடந்து விற்பனையாகும் பொருளின் விஷயத்தில் இது முழு உண்மையன்று. அப்பொருளின் கிரயம் முதலில் அந்நிய நாணயத்தில் நிச்சயமாகிப் பின்னரே ரூபாயாக மாற்றப்படுகிறது. அவ்விகிதம் அசையுமாயின், நிலத்திலும் பயிரிலும் யாதொரு குறையுமின்றியே வருமானம் ஏறவும் இறங்கவும் கூடும். நமது ரூபாய்க்கும் இங்கிலாந்துப் பவுனுக்கும் இருந்து வந்த விகிதத்தின் சரித்திரம் இதனை நன்கு விளக்கும்.

அக்காலக் கணக்கு முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பைசா. ஒரு ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதே விகிதம். பென்ஸ் கூடினால் ரூபாய் கிராக்கியாயிற்று என்று பொருள். ஏற்றுமதி செய்பவர் கைக்கு வரும் ரூபாயோ குறையும்.

1870-ஆம் வருஷத்தையொட்டி ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றது. ரூபாய் வெள்ளி நாணயம். பவுனோ தங்க நாணயம். ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியதாலும், அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்ததாலும் வெள்ளியின் விலை வீழ்ந்தது. அதனுடன் ரூபாயும் வீழ்ந்து, 1894-95-இல் சராசரி 13 பென்ஸ் அளவுக்கு வந்தது. சீமையில் வட்டிக்கும் பென்ஷனுக்கும் பவுனாகவே பணம் செலுத்த வேண்டியிருந்த சர்க்கார் இதனால் திணறிற்று. யாவரும் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்ளலாம் என்றிருந்த உரிமையை 1893 ஜூன் 26-இல் நிறுத்தியது. நாணயம் அருகவே ரூபாயின் மதிப்பு ஏறி 1898-இல் 16 பென்ஸை எட்டியது. மறு வருஷம், 15 ரூபாய்க்கு ஒரு பவுன் என்று சட்டப்படி ஏற்பட்டது.

சென்ற பட்டத்தில் ஒரு செயல்விளக்க வயலில் முதியவர் ஒருவர், “தாலிக்குப் போடுகிற பவுனும் சீமைப் பவுனும் ஒன்றுதானாங்களா?” என்று வினவினார். நியாயமான வினாவே. அந்தச் சவரன் நாணயத்தின் எடை ஏறக்குறைய 8 கிராம். நாணயம் புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதன் எடை மட்டும் நம் ஆசாரிகளிடம் நிலைத்துவிட்டது.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளி விலை ஏறியமையால், 1920-இன் தொடக்கத்தில் ரூபாய் 2 ஷில்லிங்கையும் கடந்து, மறு வருஷத்திலேயே 16 பென்ஸுக்கும் கீழே வந்தது. இதனை விரிப்பிற் பெருகும்.

பெரிய வழக்கு 1926-இல் எழுந்தது. ஹில்டன் யங் தலைமையில் அமைந்த கமிஷன், விகிதத்தை 18 பென்ஸாக, அஃதாவது 1 ஷில்லிங் 6 பென்ஸாக நிலைப்படுத்தும்படி கூறிற்று. அங்கத்தினருள் சர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் மட்டும் 16 பென்ஸே தகுதியென்று மாறுபட்ட குறிப்பு எழுதினார். 1927-இல் 18 பென்ஸே சட்டமாயிற்று.

இரண்டு பென்ஸ் வித்தியாசம் என்ன செய்யும்? அக்காலத்தில் தென் ஆர்க்காட்டு மணிலாக்கொட்டை பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் துறைமுகத்துக்குச் சென்று எண்ணெயாக ஆட்டப்பட்டது. கணக்குக்காக, அங்கே ஒரு டன்னுக்கு 20 பவுன் கிடைத்ததாகவும், இடைச்செலவு இல்லையெனவும் கொள்வோம். 16 பென்ஸ் விகிதத்தில் அது 300 ரூபாய். 18 பென்ஸ் விகிதத்தில் 266 ரூபாய் 10 அணா 8 பைசா. குறைவு ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் அந்த 300 ரூபாயில் கிஸ்தி, கடன் வட்டி, கூலி ஆகியவற்றுக்கு 200 ரூபாய் போகுமெனில், மிச்சம் 100 ரூபாயாக இருந்தது இப்போது 66 ரூபாய் சொச்சமாகும். அஃதாவது, குடும்பத்துக்கு நிற்பதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

விலைகளும் கூலியும் 18 பென்ஸுக்கு ஏற்கெனவே இசைந்துவிட்டன என்பது கமிஷனின் வாதம். இறக்குமதிச் சரக்கு மலிவாகும் என்றும் கூறப்பட்டது. இவை பொய்யல்ல. ஆயினும் ரயத்துவாரி நிலங்களில் தீர்வை 30 வருஷத்துக்கு ரூபாயில் நிர்ணயமானது. பிராமிசரி நோட்டில் எழுதிய தொகையும் விகிதத்துக்கேற்பக் குறைவதன்று. மண்ணெண்ணெயும் இரண்டொரு வேஷ்டியும் வாங்குபவருக்கு அவற்றின் மலிவால் கிட்டும் ஆதாயம் எம்மாத்திரம்? 1930-இல் காந்தியடிகள் விடுத்த பதினொரு கோரிக்கைகளுள் 16 பென்ஸ் விகிதமும் ஒன்றாக இருந்தமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

1929-க்குப்பின் உலகெங்கும் விளைபொருள் விலை சரிந்தபோது விகிதம் மட்டும் அசையவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கத்தை விட்டு விலகியது. ரூபாய் அதே 18 பென்ஸில் பவுனுடன் பிணைக்கப்பட்டது. 1927-ஆம் வருஷச் சட்டப்படி தோலா 21 ரூபாய் 3 அணா 10 பைசாவாக இருந்த தங்கம் விலையேறவே, கிஸ்திக்கும் கடனுக்கும் வழியற்ற குடும்பங்களின் நகைகள் மண்டிகள் வழியே கப்பலேறின.

அவ்விகிதம், ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பைசா, 1966 ஜூன் 6 வரை நின்றது. அன்று 21 ரூபாயாயிற்று. ஏற்றுமதியாளருக்கு ஆதாயமென எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் தேயிலை, சணல் முதலியவற்றின் மீது ஏற்றுமதி வரி விழுந்தது. அவ்விரண்டு வருஷங்களும் வறட்சியாக இருந்தபடியால் விற்க மிகுதியும் இல்லை. வெளிநாட்டு உரமோ கிராக்கியாயிற்று.

1993 முதல் விகிதம் சந்தையில் அன்றாடம் மாறுகிறது. பெரும்பாலும் டாலரே கணக்கு நாணயம். ஏற்றுமதி வியாபாரியுடன் ஒப்பந்தம் செய்யுங்கால், விலை ரூபாயிலா அந்நிய நாணயத்திலா, எந்தத் தேதியின் விகிதப்படி என்பதைக் குடியானவர்கள் எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.